கிறிஸ்துமஸ் பாட்டின் கடைசிச் சரணம்

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எழுபதுகளின் கடைசியில் அங்கே கிறிஸ்தவ வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் டிசம்பர் பிறந்தால் பாட்டுக் குழு புறப்பட்டுவிடும். பெட்ரோமாக்ஸ் விளக்கு, டோலக், ஜால்ரா, தொண்டை கட்டிய நாலைந்து பேர். சபையைப் பார்த்துக்கொண்ட உபதேசியார்தான் தலைமை. கூப்பிட்டால் இந்து வீடுகளிலும் பாடுவார்கள். எல்லா வீட்டிலும் ஒரே முறைதான். முதலில் பாட்டு. பிறகு உபதேசியார், "வூட்ல யார் யார் கீறீங்க, பேரச் சொல்லுங்க" என்று கேட்டு, ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபம் செய்வார். அப்புறம் காபி.

பாட்டு உபதேசியாரே கட்டியது. மூன்று சரணம். குழு இரண்டோடு நிறுத்திவிடும். அடுத்த வீட்டில் காபி ஆறிவிடும் என்ற கவலைதான் காரணம், வேறொன்றுமில்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தவள் நான். மாட்டுக்கொட்டகை வருகிற முதல் சரணத்துக்குக் கையை ஆட்டி அபிநயம் உண்டு, எல்லோருக்கும் அதுதான் பிடிக்கும். கடைசிச் சரணத்தைக் கடனே என்று பாடவைப்பேன்.

டோலக் வாசித்தவர் என் வீட்டுக்காரர். அந்த வருஷம் அவர் போகவில்லை; வேறொரு பையன் தட்டினான். ஐப்பசி மழையில் எங்கள் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்; அங்கேயே போய்விட்டாள். அப்போதுதான் ஓடப் பழகியிருந்தாள். அடக்கம் முடிந்து வந்ததிலிருந்து அவர் அவள் பெயரைச் சொல்லவே இல்லை. நான் சொன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேச எனக்கு ஆளில்லை. மகளோடு சேர்த்து அவரையும் இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள், "ஆண்டவருக்குப் புடிச்ச பூவு, பறிச்சிக்கினாரு" என்றார்கள். அவருக்குப் பறிக்க வேறு தோட்டமே கிடைக்கவில்லையா என்று நுனிநாக்குவரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாது. எங்கள் ஊரில் இந்துக்களுக்கும் அப்படித்தான், எங்களுக்கும் அப்படித்தான். நான் வாசலில் நட்சத்திரம் கட்டவில்லை, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. பாட்டுக் குழுவும் துக்க வீட்டைத் தாண்டிப் போய்விடும்.

தாண்டித்தான் போனார்கள். விளக்கு வைத்த நேரம். தெருமுனையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த டோலக் எங்கள் வாசல் வந்ததும் நின்றது. செருப்புச் சத்தம்கூட வராமல் நடந்தார்கள். மரியாதைக்குத்தான் அப்படிச் செய்தார்கள்; எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டில் தறி நெய்கிறவர்கள். அங்கே மறுபடி ஆரம்பித்தார்கள். நடுவில் ஒரு சுவர்தான், ஒரு சொல் தப்பாமல் கேட்டது.

என் வீட்டுக்காரர் அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் விரல்கள் பாயில் தாளம் போட்டன. இரண்டாம் சரணத்தோடு பாட்டு நின்றது. விரல்கள் நிற்கவில்லை. யாரும் பாடாத கடைசிச் சரணத்துக்கும் தட்டிக்கொண்டே போயின.

அதைப் பார்த்தபோதுதான் அந்தச் சரணம் எனக்குள் ஓடியது. மாட்டுத் தொட்டியில் கிடக்கிற இந்தப் பிள்ளை ஒருநாள் கல்லறையிலும் கிடக்கும், எழுந்து வரும், மண்ணில் தூங்குகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும். இதுதான் அதன் பொருள். எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! பேர் சொல்லி என்பது அன்றுதான் காதில் விழுந்தது. அப்படியானால் ஆண்டவர் என் மகளின் பெயரை இன்னும் ஒருமுறை கூப்பிட வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டு அவள் எழுந்து வருவாள். அதுவரை விசுவாசம் என்று நான் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் உண்மையில் நம்பினேன். அழுகையும் வந்தது, பாரமும் இறங்கியது.

வெளியே போனேன். உபதேசியார் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்க வூட்டுக்கும் வாங்க."

"இன்னாம்மா இது, இன்னும் வருசம் ஆவலியே. துக்க வூட்ல எப்டிப் பாடறது?"

"கடைசிச் சரணத்த துக்க வூட்ல பாடாம வேற எங்க பாடுவீங்க? கல்யாண வூட்லயா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தார். குழுவும் பின்னாலேயே வந்தது.

இரண்டு சரணம் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவதில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கட்டியவருக்கே ஒரு வரி மறந்துவிட்டது. நான் எடுத்துப் பாடினேன். என் குரல் அப்படியொன்றும் கேட்கிற குரல் இல்லை. பாதியில் டோலக் திடீரென்று தாளத்துக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாட்டு முடிந்ததும் உபதேசியார் கண்ணை மூடி, பழக்கத்தில், "வூட்ல யார் யார் கீறீங்க, பேரச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் தன் பெயரைச் சொன்னார். என் பெயரைச் சொன்னார். டோலக்கின் கயிற்றைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். பிறகு அவள் பெயரைச் சொன்னார்.

உபதேசியார் மூன்று பெயரையும் சொல்லி ஜெபம் செய்தார்.