திடலில் வைத்த புல்

என் பெயரில் இந்த வீட்டுக்கு வந்த முதல் உடைமை ஒரு மாடு. அரசாங்கம் விலையில்லாமல் கறவை மாடு கொடுத்த சமயத்தில் எங்கள் ஊருக்கும் லாரி வந்தது. எனக்கு வாய்த்தது செவலை நிறத்தில் ஒரு ஜெர்சிக் கலப்பு. கைநாட்டா கையெழுத்தா என்று அங்கே கேட்டார்கள். நான் எட்டாவது படித்தவள்தான். ஆனாலும் அத்தனை பேர் முன்னால் கையெழுத்து என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்கு அன்றைக்கும் வாய் வராது, இன்றைக்கும் வராது.

நாங்கள் நன்னிலம் பக்கம். என் வீட்டுக்காரர் உழுத நிலம் எங்களுடையது இல்லை. மாமனார் காலத்திலிருந்து குத்தகை. குத்தகைக்காரர் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது, பதிந்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று நிலக்காரர் பயந்தார். பதியச் சொல்லிக் கேட்டால் உழவு போய்விடும் என்று மாமனார் பயந்தார். ஆகவே எல்லாம் வாய்வார்த்தையிலேயே நின்றது. சம்பா அறுத்ததும் குத்தகை நெல்லை, மெட்ராஸில் இருக்கும் நிலக்காரருடைய ஏஜெண்டு வீட்டுக் களத்தில் இறக்கிவிட்டால் அடுத்த வருஷமும் நாங்கள் உழலாம். அவர்கள் நெல்லை வாங்கிக்கொள்வதுதான் எங்களுக்குப் பத்திரம்.

அந்த வாய்வார்த்தைக்குள்ளே யாரும் சொல்லாமலே சில கட்டுகள் உண்டு. குத்தகை நிலத்தில் தென்னம்பிள்ளை வைக்கக் கூடாது. மூங்கில் வைக்கக் கூடாது. கொட்டகை போடக் கூடாது. அறுத்தால் முடிந்துபோகிற பயிர்தான் செய்யலாம். வேர் விட்டு வருஷக்கணக்கில் நிற்பதை வைத்தால், வைத்தவனும் நிற்கப் பார்க்கிறான் என்று அர்த்தம். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் புல்லைப் பற்றி யாரும் பேசியதில்லை. புல்லை யார் வைப்பார்கள்? அது தானாக வருவது, நாம் குனிந்து பிடுங்கிப் போடுவது.

மாடு வந்த பிறகுதான் தீனிக்கு வழியில்லை என்பது தெரிந்தது. நெல் விளைகிற ஊர் என்று பெயர். அறுப்பு மெஷின் வந்ததிலிருந்து வைக்கோல் நொறுங்கிப் போய்விடுகிறது, மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வரப்பில் இருக்கும் அருகம்புல்லுக்கு ஊரே போட்டி. வாய்க்கால் காய்ந்த மாதங்களில் அதுவும் இல்லை. மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர்தான், "கோ நாலுன்னு தீவனப் புல்லு இருக்கு, அத வையுங்க. ரெண்டு கணு உள்ள கரணை போதும், தண்ணி நிக்காத மேடு வேணும்" என்று ஒரு கட்டுக் கரணை கொடுத்து அனுப்பினார்.

எங்கள் வயலின் வடக்கு மூலையில், வாய்க்காலை ஒட்டி ஒரு திடல் இருந்தது. வயலைவிட இடுப்பளவு உயரம், நெல்லுக்குத் தண்ணீர் ஏறாத இடம், எப்போதும் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கும். ஆடியில் தண்ணீர் வந்ததும் அதை வெட்டிக் கொத்திச் சாணம் போட்டோம். கரணையைச் சாய்வாக, ஒரு கணு மண்ணுக்குள்ளும் ஒரு கணு வெளியிலும் இருக்கும்படி ஊன்ற வேண்டும். நேராகக் குத்தினால் அழுகிவிடும் என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றையும் திருத்தினார். நான் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். துளிர் வருகிறவரை தினமும் காலையில் முதலில் அங்கேதான் போவார். நெல்லை அப்புறம்தான் பார்ப்பார்.

எதிர்வீட்டுக்காரி வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டே கேட்டாள்: "என்னக்கா, எல்லாரும் களையப் புடுங்குறாங்க, ஒங்க வீட்ல களைக்குக் களை எடுக்குறாரு?"

"மாட்டுக்குத்தான்" என்றேன்.

"அதான பாத்தேன். ஒனக்கு ஒரு நாளு இப்புடித் தண்ணி ஊத்தி வளத்துருப்பாரா?"

அவர் காதில் விழுந்தது. "அதுக்கென்ன, அது தானா வளந்துருச்சு" என்றார். அவள் சிரித்ததில் துணி தண்ணீரோடு போகப் பார்த்தது.

ஐப்பசி மழைக்குள் புல் அவர் உயரத்துக்கு வந்துவிட்டது. அடியோடு ஒட்டி அறுக்க வேண்டும், உயரத்தில் அறுத்தால் தூர் கெட்டுவிடும். அறுத்த மறுநாளே நடுவில் பச்சையாகக் குருத்து எட்டிப்பார்க்கும். சுணை பட்டு என் முழங்கை முழுக்க அரிக்கும். ஆனால் முதல் கட்டைக் கொண்டுபோய்ப் போட்டபோது மாடு தலையை நிமிர்த்தாமல் தின்ற சத்தத்தை நாங்கள் இருவரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். பால் கூடியது. அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தெளிவு இருந்தது.

கார்த்திகையில் ஏஜெண்டு நெல்லைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டுத் திடல் பக்கம் திரும்பினார்.

"இது என்னப்பா, கரும்பா?"

"புல்லுங்க. மாட்டுக்கு."

"எத்தன நாளைக்கு நிக்கும்?"

"ஒரு தடவ வெச்சா அஞ்சாறு வருஷத்துக்கு அசையாதுங்க. வெட்ட வெட்ட வந்துக்கிட்டே இருக்கும்."

என் வீட்டுக்காரர் புல்லின் பெருமையைத்தான் சொன்னார். ஒரு பிடி அறுத்து, "ஒங்க வீட்டு மாட்டுக்குப் போட்டுப் பாருங்க" என்று கொடுத்தும் அனுப்பினார். ஏஜெண்டு அதைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் ஏஜெண்டு வீட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன், வாசலோடு நின்றுகொண்டேன்.

"மெட்ராஸ்ல ஐயா கேக்குறாரு. அஞ்சு வருஷத்துக்கு நிக்கிற பயிர யாரக் கேட்டு வெச்சேன்னு."

"புல்லுதானங்க."

"தென்னைக்கும் வேருதான், புல்லுக்கும் வேருதான். நாளைக்கு நீ கோர்ட்டுல போயி நின்னு, என் பயிரு இருக்குன்னு சொல்ல மாட்டேன்னு என்ன நிச்சயம்? பொங்கலுக்கு அவரு மகன் வர்றாரு. அதுக்குள்ள தரை சுத்தமா இருக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேராகத் திடலுக்குப் போனார். தூர் ஒவ்வொன்றும் அம்மிக்கல் மாதிரி மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஈர மண். நெம்பினால் பாதி வரும், பாதி உள்ளே ஒடியும். தோண்டியதை வரப்பில் குவித்தார். நான் உதிர்ந்த துண்டுகளைக் கூடையில் பொறுக்கினேன். மாடு வீட்டிலிருந்து கத்துவது அங்கே வரைக்கும் கேட்டது, அறுக்கிற நேரம் அதற்குத் தெரியும். மூன்றாம் நாள் திடல் வெறும் மண்ணாகிவிட்டது. "நெலம் இருந்தாப் போதும்" என்றார்.

பிறகு மழை பெய்தது.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை வயலுக்குப் போனவர் உடனே திரும்பி வந்தார். "மொளச்சிருக்கு" என்றார்.

"எங்க?"

"எல்லா எடத்துலயும்."

போய்ப் பார்த்தேன். உள்ளே ஒடிந்த ஒவ்வொரு துண்டும் துளிர்த்திருந்தது. வரப்பில் குவித்த தூர்கள் கிடந்த இடத்திலேயே வேர் பிடித்திருந்தன. அத்தனை பச்சையாக அந்தத் திடல் முன்பு இருந்ததில்லை. இரண்டு பேரும் குனிந்து பிடுங்கினோம். பிடுங்கிய இடத்தில் நாலு நாளில் மறுபடி வந்தது. மண்ணைக் கிளறக் கிளறக் கணுக்கள் பரவின.

பொங்கலுக்கு மறுநாள் சாலையில் கார் நின்றது. நிலக்காரரின் மகன் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினார். என் வீட்டுக்காரர் ஓடினார்.

"புடுங்கிட்டேங்க. அது தானா வருதுங்க" என்றார். அவர் பார்க்கும்படி திடலுக்கு ஏறி ஒரு குருத்தைப் பிடுங்கிக் காட்டினார். பிறகு இன்னொன்றை. பிறகு இன்னொன்றை. கையிரண்டும் நிறைந்து, கீழே போட்டுவிட்டுத் திரும்பவும் பிடுங்கினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுக்க நினைத்தேன், இழுக்கவில்லை.

"பரவால்ல, விடுங்க. பாத்துக்கலாம்" என்றார் அந்த மகன். மரியாதையாகத்தான் சொன்னார். கண்ணாடி ஏறியது, கார் கிளம்பிவிட்டது.

மாசியில் சம்பா அறுத்தோம். நல்ல விளைச்சல். குத்தகை நெல்லைப் புதுச் சாக்கில் பிடித்து, தூற்றியதையே மறுபடி தூற்றி, டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோனார். ஏஜெண்டு களத்து வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"எறக்காதப்பா."

"ஈரம் இல்லீங்க. கடிச்சுப் பாருங்க."

"ஈரம் இல்லப்பா. வாங்க வேணாம்னுட்டாங்க. வாங்குனா அடுத்த வருஷமும் நீதான்னு ஆயிடும்ல. நானும் சம்பளத்துக்கு இருக்கறவன்தான், என்னை என்ன செய்யச் சொல்ற?"

மூட்டைகள் வீட்டுக்குத் திரும்பி வந்தன. விவசாயச் சங்கத்துக்காரர் ஒருவர் வந்து, குத்தகையைக் கோர்ட்டில் கட்டலாம், அப்படி யாரும் வெளியேற்றிவிட முடியாது என்று ரொம்ப நேரம் பேசினார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எந்தப் பேருல கட்றதுங்க?" என்றார். வந்தவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார்.

சித்திரையில் வேறு யாருடைய டிராக்டரோ அந்த வயலை உழுதது. சத்தம் எங்கள் தெரு வரைக்கும் வந்தது. அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருந்தார். வெயில் நேரத்தில் படுக்கிறவர் இல்லை அவர்.

கூடையில் நான் பொறுக்கி வந்திருந்த துண்டுகளில் சிலவற்றைக் கொல்லையில், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஊன்றி வைத்திருந்தேன். எங்கள் மனைக்கட்டில் வேறு இடம் கிடையாது. அது வளர்ந்து மாட்டுக்கு ஒரு வேளைக்கு ஆகிறது. நான்தான் அறுக்கிறேன். அவர் அந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டார், குளிப்பதற்கு வாய்க்காலுக்குப் போய்விடுகிறார். கட்டட வேலைக்குத் திருவாரூர் போய் வருகிறார். வந்தால் சுவரோரம் அடுக்கியிருக்கும் அந்தக் குத்தகை மூட்டைகளின் எதிரில்தான் உட்காருவார். எங்களுக்கென்று வந்த நெல் முன்பே தீர்ந்துவிட்டது. இவற்றைத் தொடவிடவில்லை. ஆவணிக்குள் சாக்கிலிருந்து அந்துப்பூச்சி கிளம்பி விளக்கைச் சுற்ற ஆரம்பித்தது.

ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன். "என்னங்க, பூச்சி தின்னுதே. ஒரு மூட்டையப் பிரிச்சு அவிக்கட்டுமா?"

அவர் மூட்டையைப் பார்த்தபடியே இருந்தார். "வாங்கிக்கறேன்னு நாளைக்கு ஆள் அனுப்பினா, என்னத்தக் குடுப்ப?" என்றார்.

நான் எழுந்துபோய் ரேஷன் அரிசியைக் களைந்து உலையில் போட்டேன்.