வாழைக்கன்று கட்டிய வேன்

என் மகளைப் பள்ளிக்கு அனுப்ப வண்டி தேடி அலைந்ததில் திருப்பூரில் எனக்குத் தெரியாத ஆட்டோ ஸ்டாண்டு கிடையாது. அவளுக்கு அப்போது பத்து வயது. பேச்சு வராது. கூட்டத்தில் யாராவது மேலே இடித்துவிட்டால் அலறுவாள். அவளைப் போன்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளி அவிநாசி ரோட்டில் இருக்கிறது. நாங்கள் இருப்பது பல்லடம் பக்கம். ஒரு பிள்ளைக்காக அவ்வளவு தூரம் வேன் அனுப்ப முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

ஆட்டோக்காரர்கள் முதல் நாள் பாவம் என்பார்கள். அவள் ஒருமுறை கத்தியதும் போனை எடுக்க மாட்டார்கள். பாவம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். பாவம் பார்த்தவர்களில் ஒருவர்கூட வண்டி கொண்டுவரவில்லை. என் வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் இரவு ஷிப்ட், முடிந்து வீடு வரப் பத்து மணி ஆகிவிடும். மாலையில் அவர் பைக்கில் போய் அழைத்து வந்துவிடுவார். காலையில்தான் ஆள் இல்லை.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி வேன் அந்தப் பள்ளி வாசலைத் தாண்டித்தான் போகும். மேனேஜரிடம் கேட்டேன்.

"ஏனுங்க்கா, ஆடிட் வர்றவங்க கண்ணுல பட்டா, கொழந்தைய வேலைக்குக் கூட்டீட்டு வர்றோம்னு எழுதீருவாங்கல்லங்க" என்றார்.

சட்டைக்குப் பட்டன் போடத் தெரியாத என் மகளை வேலைக்கு வைக்கும் கம்பெனி எதுவென்று கேட்க வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். கம்பெனி கேட்டுக்கு வெகுதூரம் முன்பே இறங்கிவிடுவாள் என்று கெஞ்சினேன். அரைமனதாகச் சரி என்றார்.

ஆரம்பத்தில் வேனுக்குள் ஒரே அழுகைதான். சிலர் முகம் சுளித்தார்கள். தெற்கத்திப் பக்கம் இருந்து பிழைக்க வந்த ஒரு பெண் மட்டும், "பிள்ள அழுதா அழட்டும். நம்ம காது என்ன தேஞ்சா போயிரும்" என்றாள். மறுநாள் அவளே கட்டிங் டேபிளில் கழித்த பனியன் துணிக் கீற்று ஒன்றைக் கொண்டுவந்து மகள் கையில் கொடுத்தாள். இழுத்தால் ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும் துணி. அதை இழுப்பதும் சுருள்வதைப் பார்ப்பதுமாக அவள் அழுகையை மறந்தாள்.

கடைசியாக ஏறுகிறவர் வேனின் பக்கத் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் டிரைவர் வண்டியை எடுப்பார். ஒருநாள் மகள் கையை நீட்டி அவளாகவே தட்டினாள். டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அதன்பிறகு வேறு யார் தட்டினாலும் அவர் கிளம்பவில்லை. "பாப்பா சொல்லட்டுமுங்க" என்பார். பள்ளியில் ஸ்பூன் பிடித்துத் தானே சாப்பிடக் கற்றுக்கொண்டாள். அதை முதலில் பார்த்த அன்று நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனி வண்டிகளை எல்லாம் கழுவி ஜோடித்தார்கள். டிரைவர் தன் வேனின் முகப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினார். வண்டியின் நிறமே தெரியாத அளவுக்கு மாலை, சந்தனம், கலர் பேப்பர். பாப்பாவுக்குப் பிடிக்கும் என்று ஜன்னலோரம் பலூனும் கட்டினாராம். லீவு முடிந்து வேலைக்குப் போன அன்றும் எதையும் கழற்றவில்லை. இந்தப் பக்கம் யாரும் கழற்ற மாட்டார்கள், கன்று வாடி விழும்வரை அப்படியே ஓட்டுவார்கள்.

வேன் வந்து எங்கள் முன்னால் நின்றது. மகள் அதைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தபடி தன் வேனுக்காகக் காத்து நின்றாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன், நகரவில்லை. உள்ளிருந்த பெண்கள் நேரமாச்சு என்றார்கள். டிரைவர் இறங்கி வந்தார்.

"நம்ம வண்டிதான் கண்ணு, வா சாமி" என்று அவளைத் தூக்கினார்.

யாரோ தன்னை எந்த வண்டியிலோ ஏற்றுகிறார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கும். அலறிக்கொண்டே அவர் கையைக் கடித்தாள். ரத்தம் வந்தது. கையை யாரிடமும் காட்டாதீர்கள் என்று டிரைவரிடம் நான் சொல்லியும், கம்பெனியில் மருந்து போடும் இடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஆடிட் பேச்சு மறுபடி வந்தது. இனி பாப்பாவை வேனில் ஏற்ற வேண்டாம் என்றார். "தப்பா நெனைக்காதீங்க்கா" என்று முடித்தார். யாரைத் தப்பாக நினைப்பது? பிரியமாகப் பலூன் கட்டியவரையா?

வேறு வண்டி கிடைக்கவில்லை, பஸ் கூட்டம் அவளுக்கு ஆகாது, பள்ளி நின்றுபோனது. நான் வேலையை விட்டேன். இப்போது வீட்டிலேயே பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக் கொடுக்கிறேன். ஸ்பூனை நீட்டினால் மகள் என் கையைப் பிடித்துத் தன் வாய்ப்பக்கம் இழுக்கிறாள்.

வாழைக்கன்று எப்போதோ வாடி விழுந்துவிட்டது. வேன் பழையபடி ஆனது. அதைப் பார்த்ததும் மகள் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கதவு அவளுக்குத் திறக்கவில்லை. இரண்டு நாள் இதைப் பார்த்த டிரைவர், "என்னால தாங்க முடியலீங்க அம்மிணி. நா இனி மெயின் ரோட்டுலயே நிறுத்திக்கறனுங்க" என்றார். பெண்களும் மறுபேச்சில்லாமல் அவ்வளவு தூரம் நடக்கிறார்கள். எல்லாம் அவள் பார்க்கக்கூடாது என்பதற்காக.

அவள் இன்னும் காலையில் பையோடு ரோட்டோரம் போய் நிற்கிறாள். துணிக் கீற்றை இழுத்துச் சுருளவிடுகிறாள். பெண்கள் நடந்து போய் மறைந்ததும் பக்கத்துக் காம்பவுண்டு கேட்டின் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். தட்டிவிட்டு, வண்டி கிளம்புவதற்காகக் காத்திருக்கிறாள்.