இராசநாயகத்தாரின் லண்டன் சாமான்

சிவக்கொழுந்துப் பெரியம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன் நான். அவருக்குச் செந்தூரன் என்று ஒரே ஒரு மகன் இருக்கிறான். லண்டனில் நல்ல சுகத்தோடு இருக்கிறான். தாயின் கடைசிக் காரியத்துக்கென்று விழுந்தடித்து வந்தும் சேர்ந்தான். ஆனாலும் கொள்ளிக்குடம் என் தோளில்தான் ஏறியது. காரணம், கார் குழியில் விழும்போது அதிர்வைத் தாங்குகிற ஒரு சோடி சொக் அப்சோபர். அதை வரவழைத்த மனிதரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாமா என்று யோசித்தும் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

இராசநாயகம் என்பது பெயர். இணுவிலில் முகத்துக்கு முன்னால் இராசநாயகத்தார் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வதை எழுத முடியாது. கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியம்மாவின் தங்கை யோகாம்பிகையைக் கட்டியவர். பெரியம்மா என் தகப்பனின் தமையன் பெண்சாதி. அந்த வழியில் யோகாம்பிகை எனக்குச் சின்னம்மா, இந்த மனிதர் எனக்குச் சித்தப்பா. உறவை நாங்களாகத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

கடல் தாண்டி வந்தால்தான் அவருக்கு அது சாமான். பற்பசை, சவர அலகு, குடை, தலையிடித் தைலம் எல்லாம் வெளியிலிருந்து வரவேண்டும். ஒருமுறை லண்டனிலிருந்து வரவிருந்த ஒருத்தியிடம் தேயிலை கொண்டுவரச் சொன்னார். அவளும் சுமந்துகொண்டு வந்தாள். பெட்டியில் இலங்கைத் தேயிலை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மனிதருக்கு வெட்கமேயில்லை. "உது வெள்ளைக்காரனுக்கெண்டு தெரிஞ்செடுத்த தேயிலை" என்று சொல்லி, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தார். நானும் குடித்தேன். எங்கள் சந்திக் கடையில் விற்கிற அதே தேயிலைதான்.

யாராவது வெளியிலிருந்து வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், "எத்தினை கிலோ கிடக்கு?" என்றுதான் முதல் கேட்பார். வருகிறவரின் பெட்டியில் மிச்சமிருக்கும் எடை அவருடைய உரிமை. சுகம் விசாரிப்பது அதற்குப் பிறகு, நேரமிருந்தால்.

அவரிடம் ஒரு வெள்ளைக் கார் இருக்கிறது. ஜப்பான் கார். வீட்டிலிருந்து நல்லூருக்கும், நல்லூரிலிருந்து வீட்டுக்கும் ஓடும். ஜப்பான்காரன் செய்த காருக்கும் அவர் லண்டனிலிருந்துதான் சாமான் எடுப்பார். எனக்குக் காங்கேசன்துறை வீதியில் வாகனப் பாட்ஸ் கடை. என் கடைச் சாமான் ஜப்பானிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வந்து, கொழும்பிலிருந்து லொறியில் யாழ்ப்பாணம் வருகிறது. அவருடைய கண்ணில் அது செய்த குற்றம் அந்த லொறியில் ஏறியதுதான்.

உள்ளூர்க் கடைக்காரர் எல்லாரும் யோக்கியர் என்று நான் வாதாட வரவில்லை. நல்ல பெட்டிக்குள் மட்டமான சாமானை வைத்து விற்கிறவன் எங்கள் தெருவிலும் இருக்கிறான். ஆனால் பிழையென்றால் திருப்பிக் கொண்டுபோய் அவன் முகத்தில் எறியலாம். லண்டன்காரனின் முகம் அவ்வளவு கிட்டத்தில் இல்லை.

போன வருசம் அந்தக் கார் குழியில் விழும்போதெல்லாம் தடதடவென்று அடிக்கத் தொடங்கியது. கொழும்புத்துறையில் கராஜ் வைத்திருக்கும் யாகப்பு அண்ணை பார்த்துவிட்டு, முன் சொக் அப்சோபர் இரண்டும் போய்விட்டது, மாற்றவேண்டும் என்று சொல்லியிருக்கிறார். சித்தப்பா என் கடைக்கு வந்தார். பெட்டியைக் கேட்டு வாங்கினார். திறந்தார். ரப்பரை முகர்ந்தார். பிறகு பெட்டியை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிக் கைப்பேசியில் படம் பிடித்தார்.

"உது இஞ்சத்தைச் சாமான்" என்றார்.

"ஜப்பான் எண்டு எழுதிக் கிடக்கு, சித்தப்பா."

"எழுதுறதுக்கென்ன. மினிபஸ்ஸிலை சொகுசு எண்டும்தான் எழுதிக் கிடக்கு."

பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். நான் எடுத்து அலுமாரித் தட்டில் வைத்தேன். அன்றைக்கே அந்தப் படங்கள் செந்தூரனுக்குப் போய்விட்டன. அங்கே வாங்கி, ஆர் வந்தாலும் கொடுத்துவிடு என்று கட்டளை. செந்தூரன் இல்லையென்று சொல்லத் தெரியாத பிள்ளை. அதோடு, படுக்கையில் கிடந்த அவன் தாயைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தது சின்னம்மா. மூன்று வேளையும் ஊட்டி, துடைத்து, உடுப்பு மாற்றிப் பார்த்தது அவர்தான். சித்தப்பா அந்த அறைக்குள் போனதை நான் கண்டதில்லை. ஆனால் சின்னம்மா பட்ட பாட்டுக்கு நன்றி வாங்க மட்டும் அவர் முன்னுக்கு வந்து நின்றார்.

பெரியம்மா ஒரு காலையில் அடங்கிப்போனார். செந்தூரனுக்கு நான்தான் அறிவித்தேன். அந்தப் பக்கத்தில் அவன் விம்மினான். பக்கத்தில் நின்ற சித்தப்பா கைநீட்டிக் கைப்பேசியை வாங்கினார்.

"தம்பி, என்ன செய்யிறது, எல்லாருக்கும் உள்ளதுதான். மனதைத் தேற்றிக்கொள். ரிக்கெற் போடேக்கை பாத்துப் போடு, எத்தினை கிலோ விடுவாங்கள்? ஓம். அப்ப அந்தச் சாமான் ரெண்டையும் கையோடை கொண்டு வா. ஆர் ஆரையோ கேக்கிறதை விட நீ வாறது நல்லதாப் போச்சு."

நீ வாறது நல்லதாப் போச்சு. தாய் செத்து அரைமணித்தியாலம் ஆகவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இடத்திலேயே கேட்டிருப்பேன். உள்ளே சின்னம்மா தமக்கையின் தலைமாட்டில் இருந்து அழுதுகொண்டிருந்தார்.

மகன் வருமட்டும் உடலைப் பதப்படுத்தி வைத்திருந்தோம். செந்தூரன் விடியற்காலை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவான், மத்தியானத்துக்குப் பிறகு வீட்டில் நிற்பான், பின்னேரம் எடுப்பது என்று தீர்மானம். அடுத்த நாள் எடுக்கக்கூடாத நாள், இன்னும் வைத்திருக்கவும் முடியாது, ஆகவே பொழுது சாயமுன் சுடலைக்குப் போய்விட வேண்டும் என்று ஐயர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செந்தூரனை ஏற்ற ஒரு வான் பிடித்து அனுப்பினோம். வீட்டில் கார் நிற்கும்போது ஏன் வான் என்று ஒருவர் கேட்டார். "சொக் இல்லாமல் உந்தத் தூரம் ஓடேலுமோ?" என்று சித்தப்பா திருப்பிக் கேட்டார்.

விமான நிலையத்தில் நடந்ததைச் செந்தூரன் பிறகுதான் எனக்குச் சொன்னான். கதை விளங்குவதற்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவன் பெட்டிக்குள் இரண்டு இரும்புக் குழாய்கள் எக்ஸ்ரேயில் தெரிந்ததும் சுங்கத்தில் மறித்துவிட்டார்கள். மறிக்கத்தானே செய்வார்கள். என்னவென்று கேட்டார்கள். இவன் அங்கத்தை வைஃபையில் சித்தப்பாவுக்கு வாட்சப் அழைப்பு எடுத்து, என்ன சொல்ல என்று கேட்டிருக்கிறான். "கார்ச் சாமான் எண்டு சொல்லாதை, அப்பியாசம் செய்யிற சாமான் எண்டு சொல்லு" என்பது இராசநாயகத்தாரின் புத்தி. இவன் அப்படியே சொல்ல, அதிகாரி பெட்டியைத் திறந்து பார்த்தார். காரின் படமே சாமான் பெட்டியில் போட்டிருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் ஒவ்வொரு பையாகத் திறந்தார்கள், ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார்கள்.

தாயின் செத்தவீட்டுக்குப் போகிறேன் என்று அவன் சொன்னதும் அந்த அதிகாரி இளகிவிட்டார். "இதை இங்கே விட்டுவிட்டுப் போங்கள். ரசீதுத் துண்டு தருகிறேன், பிறகு வந்து எடுக்கலாம்" என்றாராம். ஊர் பேர் தெரியாத அந்த மனிதருக்கு இருந்த ஈரம் எங்கள் ஆளுக்கு இல்லை. செந்தூரன் விட்டுவிட்டு வரவா என்று கேட்டு மறுபடியும் எடுத்தான்.

"விசர்க்கதை கதையாதை. அங்கை விட்டால் மாத்திப்போடுவாங்கள். உள்ளூர்ச் சாமானைப் பெட்டிக்குள்ளை வச்சுத் தருவாங்கள். பெரியவர் ஆரும் வரட்டும், கதைச்சு எடுத்துக்கொண்டே வா. இஞ்சை ஒரு அவசரமும் இல்லை. ஐயரே இன்னும் வரேல்லை."

ஐயர் அப்போது முற்றத்தில் இருந்து தர்ப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்.

பிள்ளை அதை நம்பி, மேலதிகாரி வருமட்டும் அங்கே வாங்குப் பலகையில் குந்தியிருந்தான். அவர் வந்து சாமானை விட்டபோது மத்தியானமாகிவிட்டது. இங்கே நாங்கள் வான்காரனுக்கு எடுத்தோம். ஆள் இன்னும் வெளியே வரவில்லை என்றான். செந்தூரனின் லண்டன் நம்பருக்கு எடுத்தேன், மணி போகவில்லை. சித்தப்பா எங்களைப் பார்த்து, "பிளேன் பிந்திப்போச்சாம். எனக்கு எடுத்துச் சொன்னவன்" என்றார். அங்கே ஒரு பொய், இங்கே ஒரு பொய். இரண்டையும் ஒரே வாயால் சொல்லிவிட்டு, பந்தலுக்குள் வந்து சோடா குடித்தார்.

வான் வவுனியா தாண்டிவிட்டது என்று தகவல் வந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. ஐயர் எழும்பி, இனிப் பொறுக்க முடியாது என்றார். பெறாமகன் என்ற முறையில் நான் செய்யவேண்டும் என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். என் தலையை மழித்தார்கள். கிணற்றடியில் தண்ணீர் வார்த்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து வாய்க்கரிசி போட்டேன். "என்ரை பிள்ளையின்ரை முகத்தைக் காட்டாமல் கொண்டுபோறியளே" என்று சின்னம்மா பாடையைப் பிடித்துக்கொண்டு கதறினார். வாசல் படலையடியில், அதற்கு மேல் பெண்கள் வரக்கூடாதென்று அவரைப் பிடித்து நிறுத்தினார்கள்.

பின்புறமாக நின்று கொள்ளி வைத்தேன். வைத்தவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்க்காமல் சுடலை வாசலுக்கு நடந்தேன். வாசலில் வான் வந்து நின்றது.

செந்தூரன் இறங்கினான். என் மழித்த தலையைப் பார்த்தான். ஈர வேட்டியைப் பார்த்தான். எனக்குப் பின்னால் எழும்பிய புகையைப் பார்த்தான்.

"வச்சிட்டன் தம்பி" என்றேன். வேறு என்ன சொல்ல.

அவன் தலையை ஆட்டினான். பிறகு எனக்குப் பின்னால் வந்த சித்தப்பாவின் பக்கம் திரும்பினான்.

"சித்தப்பா, ஐயர் வரேல்லை எண்டெல்லே சொன்னனீங்கள்."

ஐயர் பக்கத்திலேயே நின்றார். "நான் காலமையே வந்திட்டன் தம்பி" என்றார்.

அங்கே நின்ற எல்லாருக்கும் அந்த நிமிசத்தில் விளங்கிவிட்டது. மனிதன் என்று ஒருவர் இருந்தால் நிலத்தைப் பார்த்திருப்பார். இவர் வானுக்குள் எட்டிப் பார்த்தார். செந்தூரன் உள்ளே போய் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, சனத்துக்கு நடுவில் அவருடைய கையில் வைத்தான். அவர் வாங்கி, மூலை நசிந்திருக்கிறதா என்று விரலால் தடவினார். என் கடைத் தட்டில் கிடக்கிற அதே பெட்டி. என் பெட்டியைப் படம் பிடித்து அனுப்பினால் வேறு எது வரும்? லண்டன் கடையின் சிவப்பு ஒட்டுத்தாள் ஒன்று மட்டும் கூடுதலாக இருந்தது.

அந்தச் சாமானைக் காரில் பூட்ட யாகப்பு அண்ணைக்கு உடனே நேரம் கிடைக்கவில்லை. அதற்கிடையில் ஒருநாள் காலை சின்னம்மா ஓட்டோவில் என் கடைக்கு வந்தார். கையில் உரப்பை. பைக்குள் அந்தப் பெட்டி.

"கோபி, உன்ரை கடையிலை இதே சாமான் கிடக்கெல்லே?"

"ஓம் சின்னம்மா."

"அதைத் தா. இதை நீ வச்சுக்கொள்."

"ரெண்டும் ஒண்டுதான். ஒரு வித்தியாசமும் இல்லை."

"எனக்கு வித்தியாசம் கிடக்கு. அக்காவின்ரை கொள்ளியைத் திண்ட சாமான் இது. இது என்ரை முத்தத்திலை நிக்கக்கூடாது."

நான் தட்டிலிருந்து என் பெட்டியை எடுத்தேன். சிவப்பு ஒட்டுத்தாளை நோகாமல் உரித்து அதில் ஒட்டிக் கொடுத்தேன். அவர் அதை உரப்பைக்குள் வைத்துக்கொண்டு அதே ஓட்டோவில் போனார். அடுத்த கிழமை யாகப்பு அண்ணை அதைப் பூட்டிவிட்டார். லண்டன் சாமான் இன்னும் என் கடையின் பின்பக்கத்தில் கிடக்கிறது. ஆரும் கேட்டாலும் விற்க மனம் வராது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் புறப்பட்டோம். சித்தப்பா காரைக் கழுவி மினுக்கி வாசலில் நிறுத்தி, முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். செந்தூரன் சாம்பல் இருந்த மண்முட்டியை நெஞ்சோடு அணைத்தபடி அந்தக் கதவைத் தாண்டிப் போய் வானில் ஏறினான். சின்னம்மாவும் அவனுக்குப் பின்னால் போய் ஏறினார். மற்றவர்களுக்கும் வானில் எப்படியோ இடம் கிடைத்தது. கார் தனியாகப் பின்னால் வந்தது.

கடலில் சாம்பலைக் கரைத்து, கேணியில் முழுகி எல்லாரும் கரையேறினோம். செந்தூரன் கடலில் வெறும் முட்டியைப் போட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சித்தப்பா எனக்குக் கிட்ட வந்தார்.

"கோபி, வழி முழுக்க ஒரு சத்தமில்லை. பஞ்சிலை போறமாதிரிக் கிடக்கு. உன்ரை சாமானுக்கும் லண்டன் சாமானுக்கும் வித்தியாசம் இப்ப விளங்குதோ? அண்டைக்கு அதை அங்கை விட்டிட்டு வந்திருந்தால் மாத்தியெல்லே போட்டிருப்பாங்கள்."

சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு நின்ற சின்னம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"ஓம். மாத்தித்தான் போட்டிருப்பினம்" என்றார்.

சொல்லிவிட்டுச் செந்தூரனின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வானில் ஏறினார்.