காய்ந்த பிறகு தெரியும்

படகுத்துறையில் அவளை எல்லோரும் ரெட்டைவாளி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் படகைக் கழுவப் போனாலும் இரண்டு வாளியோடுதான் போவாள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் நல்ல தண்ணீர். துடைத்த ஸ்பாஞ்சை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சோப்பில் முக்குவாள். இல்லாவிட்டால் எங்கேயோ ஒட்டிய ஒரு மணல் துகள் ஸ்பாஞ்சோடு கூடவே வந்து, போகிற இடமெல்லாம் கீறிக்கொண்டு போகும். ஒற்றை வாளியில் வேலையை முடிக்கிறவர்களைப் பார்த்தால், எச்சில் தட்டைக் கழுவாமல் அடுத்தவருக்குச் சோறு போடுகிறவர்களைப் பார்ப்பதுபோல் முகத்தைச் சுளிப்பாள்.

ஆறு வருஷமாக அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவளுடைய அக்காவின் கணவர், நீலப் படகுக்காரரான பல் டாக்டரம்மாவின் எதிரே நின்று, "நான்தான் பண்ணேன்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். கேட்டாலும் கொடுக்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

அந்த அத்தான் ஒரு படகுக் கொட்டகையில் மேஸ்திரி. அங்கே ஒன்பது வருஷம் அவள் அவருக்குக் கீழே வேலை பார்த்தாள். பெண்கள் நான்கு பேர். அவர்களுக்குத் துணியும் ஸ்பாஞ்சும். பாலிஷ் மெஷின் மட்டும் மேஸ்திரிக்கு. "மெஷின் ஆம்பளை கைக்குத்தான் அடங்கும்" என்று சொல்லி, அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் தொங்கவிட்டிருப்பார்.

ஃபைபர் படகுக்கு மேல்தோல் ஒன்று உண்டு. ஜெல்கோட் என்பார்கள். நகத்தின் கனம்கூட இருக்காது. படகின் நிறமும் பளபளப்பும் அதில்தான். உள்ளே இருக்கும் நாரில் தண்ணீர் இறங்காமல் காப்பதும் அதுதான். வெயில் அதைச் சுண்ணாம்பாக வெளுக்கும், உப்பு அரிக்கும். கழுவி, காயவைத்து, நிழலில் மெழுகு பூசி வந்தால் இருபது வருஷம் உழைக்கும். முரட்டுக் கை பட்டால் ஒரே மதியத்தில் போய்விடும்.

கறை எடுக்கிற ஆசிட் தண்ணீர் காய்ந்த படகின் மேல் வழிந்தால், வழிந்த தடம் அப்படியே பதிந்துவிடும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சேர்ந்த முதல் மாதம் ஒரு பழைய படகின் வயிற்றில் அந்தத் தடங்களைப் பார்த்து, இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்து, தானாகக் கண்டுகொண்டாள். அன்றுமுதல் படகின் பக்கம் முழுவதையும் தண்ணீரால் நனைத்துவிட்டு, அடியிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறுவாள். நனைந்த, சோப்பு பட்ட இடத்தில் மேலிருந்து வழிவது ஒட்டாது. மற்ற பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களும் அப்படியே செய்தார்கள். நீலப் படகு வைத்திருந்த பல் டாக்டரம்மா, வரும்போதெல்லாம் கேலி செய்வார்.

"ஏம்மா, புள்ளையக் குளிப்பாட்டினாலும் கால்லேருந்துதான் ஆரம்பிப்பியா?"

"புள்ள அழுதா சத்தம் கேக்கும் டாக்டர். படகு சத்தமில்லாம அழும்" என்பாள் அவள்.

அந்த நீலப் படகில்தான் வினை வந்தது. வலது பக்கத்தில் தண்ணீர் மட்டத்திலிருந்து மேல் விளிம்புவரை மஞ்சள் கறை. மாலையில் டாக்டர் எடுத்துப் போக வருகிறார். பெண்கள் சாப்பிடப் போன நேரத்தில் மேஸ்திரியே ஆசிட்டை எடுத்து, கொதிக்கிற வெயிலில், காய்ந்த படகில் தேய்த்துவிட்டார். நீலத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு இறங்கியது. அதை அழிக்க மெஷினைப் போட்டார். பதற்றத்தில் பின்மூலையில் அழுத்திப் பிடிக்க, தோல் தீய்ந்து நார் தெரிந்தது. மூலையில் தோல் மெல்லிசு என்பதால் அவள் எப்போதும் அங்கே டேப் ஒட்டிவிட்டுத்தான் தொடுவாள்.

டாக்டர் வந்ததும் மேஸ்திரி கூசாமல் சொன்னார்: "நான் அந்தப் பக்கம் போன நேரத்துல இவ மெஷினை எடுத்துட்டா. என் கொழுந்தியான்னு பாக்காம இன்னையோட நிறுத்திடுறேன். படகை நானே சரிபண்ணித் தர்றேன்."

அவள் வாயைத் திறக்கும் முன் அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்கும் அந்தக் கொட்டகையில்தான் வேலை. துணிகளைத் துவைத்துப் போடுவாள். ஈரத் துணிகளோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள், இப்போது தலையைக் குனிந்து ஒரு துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அதில் பிழிய ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மிச்சமில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் துறையில் யாரும் அவளைப் படகின் பக்கத்தில் விடவில்லை. கார் கழுவினாள், கடைகளில் ஃப்ரிட்ஜ் துடைத்தாள். பிறகு படகுகளைக் கரையேற்றும் பொதுச் சரிவின் பக்கம் போய் மீன்பிடி ஃபைபர் படகுகளைக் கழுவ வேலை கேட்டாள். "மீன் படகுக்கு மேக்கப்பா?" என்று மீன்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் போனால் போகிறதென்று விட்டார். மெழுகு பூசிய படகில் ரத்தமும் செதிலும் ஒட்டாமல் ஒரு வாளித் தண்ணீரில் கழன்று போவதைப் பார்த்த பிறகு மற்றவர்களும் வந்தார்கள். சரிவுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு மூலை அவளுக்கென்று ஆனது. வீட்டில் ஒரே அறை. அதில் குறுக்கே கயிறு கட்டி, சோப்புத் துணி, மெழுகுத் துணி, கடைசித் துடைப்புத் துணி என்று தனித்தனியாகக் காயப்போட்டிருப்பாள். லாரி ஓட்டும் அவள் கணவர் அதற்குக் கீழே குனிந்து குனிந்து நடப்பார்.

"உங்க அத்தானை விட்டுத் தொலையேன். ஆறு வருஷமா அந்த ஆளு நம்ம ரூம்லயே குடியிருக்காரு. வாடகையும் தர்றதில்ல" என்பார்.

அவளால் விட முடியவில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் அத்தான் அவளைப் பார்த்ததும், "வழி விடுங்கப்பா, மெஷின் அம்மா வந்துட்டாங்க" என்பார். கூட்டம் சிரிக்கும். பொய்யைச் சொல்லிவிட்டு, அதையே பட்டப்பெயராகவும் ஆக்கிய அந்தத் துணிச்சலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அவருடைய மெழுகு டப்பாவில் ஒரு பிடி மணலைக் கலந்துவிட்டால் என்ன என்று யோசித்திருக்கிறாள். ஆனால் கீறல் விழுவது படகுகள் மேல். படகு அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. கெடுப்பது அவர் வேலை, கழுவுவது தன் வேலை; அந்த வேலையை வைத்தே அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தாள். நீலப் படகை மேஸ்திரி வேறு யாரையும் தொடவிடாமல், வருஷா வருஷம் தன் கையாலேயே மெழுகு பூசுகிறார் என்ற செய்தி காதில் விழுந்தபோது, அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒளிக்க எதுவும் இல்லாதவன் எதற்கு இவ்வளவு பூசுகிறான்?

கொட்டகையில் படகு தூக்கும் கிரேன் உடைந்து நின்ற வாரத்தில் அந்த நாள் வந்தது. டாக்டரம்மா படகை விற்கப் போகிறார். வெள்ளிக்கிழமை வாங்குகிற ஆட்கள் பார்க்க வருகிறார்கள். வேறு வழியில்லாமல் படகை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு பொதுச் சரிவுக்கு வந்துவிட்டார்.

"பழசை மனசுல வெச்சுக்காம கொஞ்சம் கழுவி மெழுகு போட்டுக் குடுக்க முடியுமா?"

"வெச்சிருக்கேன் டாக்டர். அதுக்காக வேலை கெடாது" என்றாள் அவள். "ஆனா பழைய மெழுகை மொத்தமா எடுக்கணும். எடுக்காம மேல பூசினா அழுக்குத் தலைக்கு எண்ணெய் வெச்ச மாதிரி. எடுத்தா அடியில என்ன இருக்கோ அது வெளிய வரும். பரவாயில்லையா?"

"அடியில என்ன இருக்கப் போவுது?"

"எனக்குத் தெரியும். நீங்களே பாருங்க."

படகைத் தகரக் கூரையின் நிழலுக்குத் தள்ளி, தோல் தொட்டால் குளிரும்வரை காத்திருந்தாள். உப்புப் போக நல்ல தண்ணீர் விட்டு, இரண்டு வாளியோடு அடியிலிருந்து கழுவி ஏறினாள். பிறகு மெழுகு கரைக்கும் திரவத்தைத் துணியில் நனைத்து, வலது பக்கத்தை ஒரு முழம் ஒரு முழமாகத் துடைத்தாள். துணி நீலமாக வந்தது.

"சாயம் போவுதே" என்றார் டாக்டர்.

"வெயில்ல வெளுத்த படகு கொஞ்சம் சாயம் விடும். இவ்வளவு விடாது. இது மெழுகுல கலந்து பூசின நீலம்."

பதினாறு துணி ஆயிற்று. கடைசியில் ஒரு வாளித் தண்ணீரை வீசினாள். மெழுகு இருந்தால் தண்ணீர் முத்து முத்தாக உருளும். இப்போது போர்வை மாதிரி பரந்து இறங்கியது. படகு ஒரே நீலமாக, ஒரு குறையும் இல்லாமல் மின்னியது. டாக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஈரத்துல எல்லாத் தோலும் நல்லாத்தான் இருக்கும். காயட்டும்" என்று அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒருவேளை அவர் எப்போதாவது அதைச் சரியாக இழைத்து எடுத்திருந்தால்? ஆறு வருஷமும் அங்கேயே செத்துப்போகும்.

மேல் விளிம்பு முதலில் காய்ந்தது. அங்கிருந்து ஒரு வெள்ளைக் கோடு இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. ஈரம் பின்வாங்கப் பின்வாங்கக் கோடுகள் நீண்டுகொண்டே வந்தன. பதினொரு கோடு. டாக்டர் நகத்தால் ஒன்றைத் தடவினார்.

"சொரசொரன்னு இருக்கு. புளிப்பா சப்பிச் சப்பிப் பல்லை அரிச்சுக்கிட்டு என்கிட்ட வருவாங்க, அதே மாதிரி."

"ஆசிட்தான் டாக்டர்."

பின்மூலையில் அவள் டேப் ஒன்றை ஒட்டி இழுத்தாள். சுவருக்கு அடிக்கிற பெயின்ட் அப்பளமாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே நார் தெரிந்தது.

"இதைச் சரிபண்ணிட்டதா சொன்னாரே" என்றார் டாக்டர். கொஞ்ச நேரம் கோடுகளையே பார்த்தார். "நீ கீழேருந்துதானே ஏறுவ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் ஃபோனை எடுத்தார்.

அத்தான் ஸ்கூட்டரில் வந்தார், பின்னால் அக்கா. படகைப் பார்த்ததுமே அவருக்கு முகம் வெளுத்தது, ஆனால் வாய் அடங்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல டாக்டர், இவ பண்ண வேலைன்னு? மெஷின் அம்மா கைவண்ணம். நான்தான் ஆறு வருஷமா மூடி மறைச்சு உங்க படகோட மானத்தைக் காப்பாத்துறேன்."

"கோடு மேலேருந்து கீழ வந்திருக்கே மேஸ்திரி."

"அன்னைக்கு மேலேருந்து ஆரம்பிச்சிருப்பா. யாரு கண்டா?"

ரெட்டைவாளி சண்டைக்குப் போகவில்லை. ஸ்பாஞ்சைப் பிழிந்து அவரிடம் நீட்டினாள். "சரி அத்தான். எனக்குத்தான் கழுவத் தெரியல. நீங்க மேஸ்திரி. ஒரு முழம் கழுவிக் காட்டுங்க, டாக்டரும் பாக்கட்டும்."

"இதுல என்ன பெரிய வித்தை" என்று அவர் ஸ்பாஞ்சைப் பிடுங்கினார். டாக்டர் பார்க்கிறார் என்ற மிதப்பு வேறு. முப்பது வருஷமாக மெஷின் பிடித்த கை, துணி பிடிக்கும் பெண்களை வேலை ஏவ மட்டுமே தெரிந்த கை. அது நேரே மேல் விளிம்புக்குப் போனது. பக்கம் காய்ந்து கிடந்தது, நனைக்கக்கூடத் தோன்றவில்லை. அழுத்தினார். சோப்புத் தண்ணீர் ஐந்தாறு ஓடையாக, பழைய கோடுகளின் மேலேயும் அவற்றை ஒட்டியும் இறங்கித் தரையில் சொட்டியது.

தூக்கிய கையோடு அவர் அந்த ஓடைகளைப் பார்த்தார். ஸ்பாஞ்சு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க அத்தான்" என்றாள் ரெட்டைவாளி.

"அன்னைக்கு வெயிலு... அவசரம்..."

"வெயிலைக் கேக்கல."

"நான்தான் பண்ணேன்" என்றார் அவர், படகைப் பார்த்து.

"என்னைப் பாத்துச் சொல்ல வேணாம். டாக்டரைப் பாத்துச் சொல்லுங்க."

சொன்னார்.

"அதுக்கு இவளை எதுக்குய்யா மாட்டிவிட்டீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"மத்த பொம்பளைங்கன்னா சண்டைக்கு வந்திருப்பாங்க. இவ சொந்தக்காரி. அக்காவை விட்டுட்டு எங்க போய் என்ன சொல்லிடப் போறான்னு..."

அக்கா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள். ரெட்டைவாளி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கேட்க நினைத்ததைக் கேட்டாகிவிட்டது. இதோடு தீரும் என்றுதான் ஆறு வருஷமும் நினைத்திருந்தாள். ஆனால் பட்டினி கிடந்தவளுக்கு முதல் கவளம் இறங்கியதும் பசி இன்னும் கிளம்புமே, அப்படி இருந்தது.

"டாக்டர், வெள்ளிக்கிழமைக்குள்ள படகு தயாராயிடும். மூலையை நான் முறையா ஜெல்கோட் போட்டு அடைக்கிறேன். கழுவுறது, மெழுகு எடுக்கிறது, கோட்டைத் தேய்ச்சு எடுக்கிறது, மெழுகு பூசுறது, எல்லாம் இவர் செய்யட்டும். மெஷின் கிடையாது. கையால."

டாக்டர் மேஸ்திரியைப் பார்த்தார். "முடியாதுன்னா சொல்லுங்க. உங்க கொட்டகையில இன்னும் யார் யார் படகு நிக்குதுன்னு எனக்குத் தெரியும். போய்ப் பேசிக்கிறேன்."

மேஸ்திரி சட்டைக் கையை மடித்தார்.

மூன்று நாள் அவர் அந்தத் தகரக் கூரையின் கீழே தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தார். அவள் மூலை வேலையை முதல் நாளே முடித்துவிட்டு, பலகை ஒன்றைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். "நனைச்சீங்களா? அடியிலேருந்து. ஸ்பாஞ்சை அலசுங்க. அந்த வாளி இல்ல, இந்த வாளி." மீன்காரர்கள் வலையைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் நின்று பார்த்தார்கள். "என்ன மேஸ்திரி, நம்ம ரெட்டைவாளி அக்காகிட்ட வேலைக்குச் சேந்துட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டதற்கு அவர் நிமிரவில்லை. அவள்தான் பதில் சொன்னாள்: "இப்பத்தான் பழகுறாரு. போகப் போக வந்துடும்."

மூன்றாம் நாள் மதியம் அக்கா சாப்பாடு கொண்டுவந்தாள். கணவருடைய விரல்கள் வெந்து, தோல் சுருங்கியிருந்தன. தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. வலது பக்கத்தில் கோடு ஒன்றுகூட இல்லை. கூரையின் தகர வரிகள் அதில் அலையலையாகத் தெரிந்தன. அக்கா தூக்கை இறக்கிவைத்துவிட்டுத் தங்கையின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போதும்டி. உன் மனசு ஆறலையா இன்னும்?"

ரெட்டைவாளி எழுந்து போய் வலது பக்கத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். எங்கேயும் சொரசொரப்பு இல்லை. நல்ல வேலைதான், அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"அவரைச் சாப்பிட்டு வரச் சொல்லுக்கா" என்றாள். "இடது பக்கம் அப்படியே இருக்கு."