சிவமலரின் தூளும் எங்கள் பொயிலரும்

சிவமலரின் கைக்கு ஈடில்லை என்று எங்கள் லாசால் ஊர் முழுக்கப் பேச்சு. பேசட்டும். எங்கள் வீட்டின் கீழ்த்தட்டில், நிலத்துக்குள் இருக்கும் பேஸ்மன்டில், வாடகைக்கு இருக்கிறாள். வார நாட்களில் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலை. லீவு நாளில் அங்கேயே மல்லியும் மிளகாயும் வறுத்துக் கறித்தூள் செய்வாள். கர்க்லாண்டில் இருந்தும் காரில் வந்து வாங்கிப் போகிறார்கள். என் கணவர் தியாகராசாவும் அவளிடம்தான் வாங்குவார். கலியாணம் கட்டிய நாளில் இருந்து என் சமையலை வாய் திறக்காமல் சாப்பிட்ட மனிதர், அவளுடைய தூள் போட்ட கணவாய்க் கறிக்கு விரல் சூப்பினார். கறி வைத்தது நான், புகழ் தூளுக்கு. வயிறு எரிந்தது. அந்த வாயால் ஒரு தரமாவது எனக்கு ஒரு நல்ல சொல் வர வேண்டும் என்று கிடந்தேன்.

அந்தப் பனி மாரியில்தான் வீடு முழுவதையும் சூடாக்கும் காஸ் பொயிலர் பழுதாகத் தொடங்கியது. திடீரென்று நிற்கும். இவர் பேஸ்மன்டுக்குப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமத்தினால் மறுபடி ஓடும். திருத்த வரும் மெக்கானிக் பற்றிக்கின் முன்னால் நல்ல பிள்ளையாக ஓடும். அவன் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்த்தான். பிறகும் நின்றது.

கண்டுபிடித்தது என் மூக்கு. தூள் வறுக்கும் வாசம் மேலே வரும் நாளில்தான் வீடு குளிர்ந்தது. அவளுடைய வாசம் எப்போது வரும் என்று காத்திருக்கிறவளுக்கு இது தெரியாமல் போகுமா? அடுத்த முறை அவள் தாச்சியை அடுப்பில் வைத்ததும் பற்றிக்கைக் கூப்பிட்டேன்.

புகைகிற சாமான் ஏதும் இருக்கா என்று கேட்டான். ஊதுபத்தி கொளுத்திக் கொடுத்தேன். பொயிலருக்கு மேலே பிடித்தான். புகை பொயிலரின் புகைபோக்கிக் குழாய்க்குள் ஏறாமல் எங்கள் முகத்துக்குத் திரும்பி வந்தது. வறுக்கிற புகையை வெளியே தள்ள அவள் போட்டிருந்த பெரிய ஃபானை நிறுத்தினான். புகை நேராக மேலே போனது. பூட்டிய பேஸ்மன்டில் ஃபான் காற்றை எல்லாம் வெளியே இழுக்க, பொயிலரின் நச்சுப் புகை உள்ளே திரும்புகிறது, அதனால்தான் காப்புச் சுவிட்ச் பொயிலரை நிறுத்துகிறது என்றான். சன்னலோ பனியில் இறுகிக் கிடந்தது. இனி இங்கே ஃபான் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான். எனக்கு உச்சி குளிர்ந்தது.

"அப்ப நான் எங்கை அக்கா வறுக்கிறது?" என்றாள் சிவமலர்.

"மேல எங்கட குசினியில வறும். மேல பிரச்சினை இல்லையாம்," என்றார் என் மனுசன். என்னைக் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை என் அடுப்பில் அவளுடைய தாச்சி. மல்லி பாதி வறுபடும்போது, அவளுடைய மகள் பனியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று போன் வந்தது. "கருக விடாதேங்கோ அக்கா," என்று ஓடினாள். மிச்சத்தை நான்தான் வறுத்தேன். மிளகாய், சீரகம், கறிவேப்பிலை எல்லாம் என் கணக்கில் போட்டு, அரைத்து, அன்றைக்கே மீன் குழம்பு வைத்தேன்.

வெளியே போய்ப் பின்னேரம் வந்த இவர் சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். "சிவமலற்ற கையெண்டால் கைதான். நீரும் பக்கத்தில நிண்டு பழகுமன்."

"உது நான் வறுத்த தூள்," என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "உமக்கு அவளில எரிச்சல் எண்டு எனக்குத் தெரியும். அதுக்காகப் பொய் சொல்லுறதே?" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு விடச் சொன்னார்.