பலாப்பழப் பை

மலையை அளக்க வந்த வெள்ளைக்கார துரை ஒருவர் செம்மேட்டில் கூடாரம் போட்டிருந்தார். ஒரு வருஷம் அவருடைய சமையல்காரருக்கு நான் கையாளாக இருந்தேன். வேலை முடிந்து துரை காரவள்ளிப் பக்கம் மலையிறங்கிச் சேலத்துக்குப் போனார். நான் எடப்புளி நாட்டில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். வந்த நாளிலிருந்து அப்பா என் கை பட்ட எதையும் சாப்பிடவில்லை. தண்ணீர் மொண்டு கொடுத்தால்கூடச் செம்பைத் தள்ளி வைத்துவிட்டு, தானே போய் மொண்டு குடிப்பார். திட்டினால் பதில் பேசலாம். வாயே திறக்காத மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? எனக்கோ கோபம் மூக்கு நுனியில்.

மாட்டுக்கறி அறுத்த கை, அதனால்தான் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள் நானே ஒன்று சமைத்து வைப்பது, அப்பா சாப்பிட்டால் வீட்டில் இருப்பது, சாப்பிடாவிட்டால் துரையைத் தேடிச் சேலத்துக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன். அதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே வெண்ணெய்ச் சட்டியை எடுத்துத் தந்தாள்.

துரைக்கு வாராவாரம் செய்கிற பலகாரம் ஒன்று உண்டு. அடியில் பழம், மேலே மாவு. வேகும்போது பழச்சாறு மாவை முட்டிக்கொண்டு கொதித்து வரும். அதற்குப் பேர் பை.

"பையா? எந்தத் துணியில தைப்பாங்க கண்ணு?" என்றாள் அம்மா, மூக்கைச் சிந்திக்கொண்டே.

பலாச்சுளையைக் கொட்டை எடுத்துக் கிழித்து, வெல்லம் போட்டு மண்சட்டியில் பரப்பினேன். சாமை மாவில் வெண்ணெயும் புளித்த மோரும் விட்டுப் பிசைந்து மேலே தட்டினேன். சட்டியை அடுப்பில் ஏற்றி, மண்மூடியால் மூடி, மூடிமேல் கங்கு அள்ளிப் போட்டேன். கூடாரத்தில் அப்படித்தான் செய்வோம். மேலும் கீழும் சூடு இருந்தால்தான் மாவு வேகும்.

காட்டிலிருந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். பத்து நாளில் முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

"தலைக்கு எதுக்குடா கொள்ளி வெக்கிற? இங்க ஆரு செத்தாங்க?"

எங்கள் வீட்டில் சோறு வேகிற சட்டியின் தலையில் நெருப்பு வைக்க மாட்டார்கள். தலைக்குக் கொள்ளி பிணத்துக்குத்தான். அது எனக்குத் தெரியாதா? ஒரே வருஷத்தில் மறந்திருந்தேன். தப்பு என் மேல் என்று தெரிந்ததும் வாய்தான் நீண்டது.

"துரை ஊட்டுல இப்பிடித்தானுங்க வேகும்."

"அப்ப துரைக்கே போயி வேகவெய்யி."

அம்மா சட்டென்று இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். சட்டியைத் தூக்கி வாசலில் அடித்துவிட்டு அப்படியே மலையிறங்கிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் அவர் போகவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அதனால் நானும் போகவில்லை.

கங்குகளையெல்லாம் வழித்து அடுப்பில் தள்ளினேன். தட்டைக் கல் ஒன்றை நெருப்பில் போட்டுக் காயவைத்து, ஈரச்சாக்கால் பிடித்துத் தூக்கி மூடிமேல் வைத்தேன். கல் கொள்ளி ஆகாதே. அப்பா சுவரோரம் உட்கார்ந்தார். ஒரு கல் ஆறியதும் இன்னொரு கல். அடியில் வெல்லம் தீய்கிற வாசனை வந்துவிட்டது. இறக்கினால் மேலே பச்சை, விட்டால் கீழே கரி. திறந்து பார்க்கவும் பயமாக இருந்தது.

கடைசியில் திறந்தேன். ஓரமெல்லாம் கருகல், நடுவில் மாவு வெளுப்பு, ஆனால் வெந்திருந்தது. இலையில் எடுத்து அப்பா முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை.

"நல்லாருக்குமா?"

"நல்லாருக்குமுங்க."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "துரை தட்டுல மிஞ்சுனதத் திம்பேனுங்க" என்றேன்.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்பா முகத்தில் ஆச்சரியமே இல்லை. செம்மேட்டுச் சந்தையில் யாரோ அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறார்கள். மாட்டுக்கறி இல்லை, ஊரான் எச்சிலைத் தன் மகன் தின்றதுதான் பத்து நாளாக அவர் தொண்டையை அடைத்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி இந்த வீட்டில் எனக்கு இடமில்லை என்று எழுந்தேன்.

"உக்காரு." இலையை என் பக்கம் தள்ளினார். "மொதல்ல நீ தின்னு."

எங்கள் வீட்டில் அப்பா சாப்பிடுமுன் யாரும் வாயில் வைத்ததில்லை. அம்மாவைப் பார்த்தேன். அவளும் முழித்தாள்.

"தின்னு, சாமி" என்றார் அப்பா.

ஒரு வாய் பிட்டுப் போட்டேன். அப்பா கையை நீட்டி, நான் பிட்ட இடத்திலேயே பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"கருகிப்போச்சு" என்றார். மறுபடியும் பிட்டார்.