பீட்ரூட்டுக்கு வாய் திறக்காத வீடு

என் வீட்டுக்காரரைப் போல நல்லவர் உலகத்தில் கிடையாது. சந்தேகமிருந்தால் அவர் வாராவாரம் காய்கறிப் பெட்டி கொண்டுபோய்க் கொடுக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். நாற்பதில் முப்பத்தொன்பது வீடுகள் அடித்துச் சொல்லும்.

பதினோரு வருஷமாக ஒரே காய்கறிப் பண்ணையில் வேலை. செவ்வாய்க்கிழமை காலையில் பறித்ததைக் கழுவி, எடை பார்த்து, நாற்பது பெட்டிகளில் அடுக்கி, வேனில் ஏற்றி வீடு வீடாக இறக்குவார். அந்தந்தப் பருவத்தில் மண் எதைத் தருகிறதோ அதுதான் பெட்டியில் இருக்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி. பணம் கட்டிச் சேரும்போது எல்லோரும் இதைக் கேட்டு உருகிப்போவார்கள். "இயற்கையோட ஒத்து வாழணுங்க" என்று பல் டாக்டரம்மா கண்கலங்கியே சொன்னாராம். இயற்கை மூன்றாவது வாரமும் பீட்ரூட்டையே தந்ததும், அந்தம்மாவுக்கும் இயற்கைக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது.

"பீட்ரூட் வேணாங்க. வேற ஏதாவது பாத்து வைங்களேன்" என்றார்.

முடியாது என்று சொல்ல என்னவருக்கு வாய் வராது. போதாக்குறைக்கு, நாற்பதில் ஒரு வீடு குறைந்தாலும் வேனை நிறுத்திவிடுவேன் என்று பண்ணைக்காரம்மா சொல்லி வைத்திருந்தார். வேன் நின்றால் இவர் வேலையும் போச்சு. ஆகவே டாக்டரம்மா பெட்டியிலிருந்த பீட்ரூட்டை எடுத்துவிட்டு, இன்னொரு பெட்டியிலிருந்து கேரட்டை எடுத்து வைத்தார். அடுத்த வாரம் வக்கீல் வீடு கேட்டது. அதற்கடுத்து மூன்று பிள்ளைகள் இருக்கும் வீடு. வாய் இருக்கிற வீட்டுக்கெல்லாம் கேரட் போனது.

கழித்த பீட்ரூட் எங்கே போகும்? கடைசித் தெருவில் தனியாக இருக்கும் தையல்காரம்மா வீட்டுக்குத்தான். அந்தம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு, "சரிங்க" என்று கதவைச் சாத்திக்கொள்வார்.

"தங்கமான மனுஷி" என்று என்னிடம் மெச்சிக்கொள்வார் இவர். அந்தத் தங்கத்துக்கு ஏழு வாரமாகப் பெட்டி நிறையப் பீட்ரூட்.

எட்டாவது வாரம் டாக்டரம்மா துணி தைக்கக் கொடுக்கப் போன இடத்தில், தங்கள் வீட்டுக்கு மட்டும் பெட்டிக்காரர் பார்த்துப் பார்த்துக் கேரட் வைக்கும் பெருமையை அளந்துவிட்டு வந்தார். மறுநாளே தையல்காரம்மா பண்ணைக்குப் போன் செய்து, இனி பெட்டி வேண்டாம் என்றுவிட்டார்.

இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருப்பதிலேயே நல்லதாகக் கேரட், பட்டாணி, இளங்கீரை என்று பொறுக்கி ஒரு பெட்டியை நிரப்பிக்கொண்டு ஓடினார். தையல்காரம்மா மேலே இருந்த கேரட்டை எடுத்துப் பார்த்தாராம்.

"நிலத்துல வேற எதுவும் விளையலன்னு நெனச்சேன். உங்களுக்கே கஷ்டகாலம், நாம வேற எதுக்குக் கேக்கணும்னு பேசாம சாப்பிட்டேன்" என்றவர், கேரட்டைத் திரும்ப வைத்தார். "இது யார் வீட்டுப் பெட்டியில இருந்து எடுத்தது?"

இவரோ வாயில்லாத இன்னொரு வீடாகப் பார்த்துத்தான் எடுத்திருந்தார். கதவு சாத்திக்கொண்டது. இந்த மாதத்தோடு வேன் நிற்கிறது என்று பண்ணைக்காரம்மாவும் சொல்லிவிட்டார்.

மத்தியானம் தட்டின் முன்னால் உட்கார்ந்து பொருமித் தீர்த்தார்.

"நான் என்ன தப்புப் பண்ணேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்திக் குடுத்திருக்க மாட்டேனா? அந்தம்மா வாயத் தொறந்து எதுவும் சொல்லவே இல்லயே!"

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு கோபம் எனக்குள் கிளம்பியது. மாமியார், நாத்தனார், பிள்ளைகள் என்று ஒவ்வொருவர் முகமும் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நல்லவர் இவர்.

"நானும்தான் இருபத்திமூணு வருஷமா எதுவும் சொன்னதில்லங்க" என்றேன்.

சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்கு... என்ன பிடிக்கும்?" என்று கேட்டார்.

சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். எனக்கே மறந்துபோயிருந்தது.